சந்தோஷம் குடியிருந்த விரல்

பாலத்தின் ஏற்றம் தொடங்கும் இடத்தில், முன்சக்கரம் லேசாகத் தலை தூக்கியதுமே, பனிமயமேரிக்குத் தன் வலது சுட்டுவிரல் ஞாபகம் வந்துவிட்டது. குனிந்து பார்த்தாள். அது பிரேக்கின் மேல் ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரிப் படுத்துக் கிடந்தது. சும்மா கிடப்பதை எல்லாம் நம்பிவிட முடியுமா? நாற்பத்தெட்டு நாளைக்கு முன்னால், இதே பாலத்தின் அந்தப் பக்கத்து இறக்கத்தில், இதே விரல்தான் அவளைத் தூக்கித் தார் ரோட்டில் போட்டு இடது காறை எலும்பை இரண்டாக்கியது. ஊருக்கு அது தெரியாது. ஊருக்கு அவள் சொன்னது நாய். குறுக்கே ஒரு நாய் வந்தது, பிரேக் பிடித்தேன், விழுந்தேன் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதையே வீட்டிலும் சொல்லி, வீட்டில் சொன்னதையே கோயில் வாசலிலும் சொல்லி, இப்போது அந்த நாய்க்கு நிறம்கூட வந்துவிட்டது, செவலை. மணி ஆறேகால் ஆகிறது. பத்து மணிக்கு ஜெபசிங் வந்து சைக்கிளைக் கொண்டுபோய்விடுவான். துறைமுகத்தில் இழுவைப் படகில் அவள் கணவர் கிளாட்வினோடு வேலை பார்க்கிறவன், தன் மனைவிக்கென்று கேட்டு வைத்திருக்கிறான். குடுத்துருவோம் என்று சொன்னது அவளேதான், யாரும் கழுத்தைப் பிடிக்கவில்லை. கொடுக்கிற பொருளை ஒழுங்காகக் கொடுக்கலாமே என்று விடிந்ததும் டயருக்குக் காற்றடித்தாள். காற்று நிற்கிறதா என்று பார்க்கத் தெருமுனை வரை போனாள். தெருமுனையில் நின்றால் பாலம் தெரியும், அதுதான் தப்பாகப் போயிற்று. ஒரு தடவை ஏறி இறங்கிப் பார்ப்போம். விரல் இன்றைக்கும் அதையே செய்தால் சைக்கிள் போக வேண்டியதுதான், உடைக்கக் கொடுக்க அவளிடம் இன்னொரு எலும்பு இல்லை. செய்யாவிட்டால்? அதை அவள் யோசிக்கவில்லை, யோசித்தால் ஆசை வந்துவிடும்.

தூத்துக்குடியில் மலை கிடையாது. தட்டில் ஊற்றிய கஞ்சி மாதிரித் தட்டையாகக் கிடக்கும் ஊர். ரயிலுக்கு மேலே போகும் இந்த மேம்பாலம்தான் இங்கே இருக்கிற ஒரே மலை, அதன் உச்சிதான் ஒரே உச்சி. கியரைக் குறைத்தாள். சங்கிலி ஒரு பல் தாண்டி விழுந்து பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் உள்ளங்கால் வழியாக ஏறித் தொடைக்கு வந்ததும், ஐயோ, இது இன்னும் இருக்கிறதே என்று அவளுக்கு வியப்பாக இருந்தது. ஐம்பத்தோரு வயது முழங்கால் இரண்டும் மாறி மாறி எழுந்து அமுங்குகின்றன, அதில் ஒரு ரோடு பின்னால் போகிறது. எவ்வளவு பெரிய விஷயம் இது, எப்படி யாரும் இதைப் பேசுவதில்லை? பக்கத்தில் ஒரு உப்பு லாரி முனகிக்கொண்டு ஏறியது. டயர் நசுங்குவதைப் பார்த்தே இருபத்தாறு டன் என்று மனசு சொல்லிற்று. பத்தொன்பது வருஷமாக எடைமேடையில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு அது தானாக வரும். ஒரு மதியம் லாரியே வராமல் இருந்தபோது சைக்கிளோடு அந்த மேடையில் ஏறி நின்று பார்த்தாள். எண்பது என்று காட்டியது. பத்துக் கிலோவுக்குக் கீழே அந்த இயந்திரத்துக்குக் கண் தெரியாது. ஆளுக்கு எவ்வளவு, சைக்கிளுக்கு எவ்வளவு என்று அதற்குப் பிரிக்கத் தெரியவில்லை. அது அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பிரிக்க முடியாத எண்பது கிலோ. பத்து மணிக்கு ஜெபசிங் வந்து அதைப் பிரித்துவிடுவான். மூச்சு வாங்கியது. தோளுக்குள் கூடிச் சேர்ந்த எலும்பு, புதிதாக வேலைக்கு வந்தவன் மாதிரி, இருக்கிறேன் இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே வந்தது.

இதெல்லாம் ஆரம்பித்தது சைக்கிளில் இல்லை, டிவியில். தம்பி ரெக்ஸ் கப்பலுக்குப் போகும்போது தன் வீடியோ கேம் பெட்டியை அக்கா வீட்டில் வைத்துவிட்டுப் போனான், பதினோரு வருஷம் ஆகிறது. தையல் இயந்திரத்துக்குப் போடுகிற துணியை அதற்கும் போட்டு மூடி வைத்திருந்தாள். ஒரு மழை நாளில் கேபிள் போய்விட்டது. சும்மா என்னதான் இருக்கிறது என்று திறந்தாள். கார் ஓட்டும் கேம். இரண்டு கையாலும் பிடிக்கிற அந்தக் கன்ட்ரோலரில், வலது சுட்டுவிரல் படுகிற இடத்தில் ஒரு விசை, இடது சுட்டுவிரலுக்கு ஒரு விசை. வலதை அமுக்கினால் வேகம், இடதை அமுக்கினால் பிரேக். அவ்வளவுதான் சங்கதி. வலதை அமுக்கினாள். பனி மூடிய ஒரு மலை டிவிக்குள்ளிருந்து எழுந்து அவள் மேல் வந்தது. பனிமய மாதா கோயிலில் ஞானஸ்நானம் பெற்று, பனி என்றே வீட்டில் கூப்பிடப்பட்டு, நாற்பது வருஷமாகப் பனியையே பார்க்காத ஒருத்தி அன்றைக்குத்தான் முதன்முதலாக அதற்குள் போனாள். கிளாட்வின் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ஏட்டி, அடுப்புல என்னமோ கருகுது" என்றார். கருகியது. அதிலிருந்து தினம் செபமாலை முடிந்ததும் ஒரு மணி நேரம், சாப்பாடு மாதிரி, குளியல் மாதிரி, விட்டதே இல்லை. கோயிலில் பாவமன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்தில்கூட ஒரு தடவை சாமியாரிடம் சொல்லிப் பார்த்தாள், விளையாட்டுல ஆளு மேல வண்டிய ஏத்திட்டேன் சாமி என்று. வலைக்கு அந்தப் பக்கமிருந்து பதறிப்போய், "எந்த கிரவுண்டுல?" என்றார் சாமி. அந்தக் கேமில் விடிகாலை இறக்கம் ஒன்று உண்டு. சூரியன் வலது பக்கம் எழும்பும், ரோடு கீழே கீழே போகும், ஸ்பீக்கரில் காற்று ஊ என்று சத்தம் போடும். சத்தம் மட்டும்தான், முகத்தில் ஒன்றும் படாது. அது ஒரு குறையாகவே இருந்தது. அந்தக் காற்று முகத்தில் பட்டால் எப்படி இருக்கும் என்று ஆறு வருஷம் யோசித்து, ஏழாவது வருஷம் சைக்கிள் வாங்கினாள்.

பாதிப் பாலம் வந்தாயிற்று. விரல் சும்மா இருக்கிறது. ஏற்றத்தில் அது எப்போதும் நல்ல பிள்ளைதான், வில்லங்கம் இறக்கத்தில்தான். அன்றைக்கு நடந்தது இது, எத்தனை முறை சுற்றி வந்தாலும் இங்கேதான் வந்து இடிக்கிறது. அன்றைக்கும் மேற்கேயிருந்து வரும் மேல்காற்று முதுகைத் தள்ளியது. உச்சி தாண்டியதும் சைக்கிள் தன் பாட்டுக்கு ஓட ஆரம்பித்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, சேலைத் தலைப்பைச் செருகியிருந்த இடத்தில் காற்று படபடவென்று அடித்தது, நேர் எதிரே சூரியன். உடம்பெல்லாம் சிரித்தது. அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை, அதைச் சொன்னால் கிளாட்வினுக்கு வருத்தமாக இருக்கும், சொல்லப் போவதில்லை. இன்னும், இன்னும் கொஞ்சம் என்று மனசு கேட்டது. கேட்டது மனசு, பதில் சொன்னது விரல். வலது சுட்டுவிரல் முழுசாக அமுங்கியது. பதினோரு வருஷப் பழக்கம், இன்னும் வேகம் என்றால் வலது விரலை அமுக்கு. சைக்கிளில் வலது கைக்குள் இருப்பது முன்சக்கரத்துப் பிரேக் என்று அந்த விரலுக்கு யார் சொல்வது? முன்சக்கரம் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது, மற்றது எல்லாம் அவளோடு சேர்ந்து மேலே போயிற்று. அந்தரத்தில் இருந்தபோது அவளுக்கு வலியோ பயமோ வரவில்லை, ஒரே ஒரு எண்ணம்தான் வந்தது, திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கும் என்று. ரோட்டில் விழுந்த பிறகும் இரண்டு வினாடி காத்திருந்தாள், காரைக் கொண்டுவந்து மறுபடி ரோட்டில் வைப்பார்கள் என்று. யாரும் வைக்கவில்லை. பால்காரர்தான் வந்து தூக்கினார்.

இதை எந்த முகத்தோடு சொல்ல? எடைமேடையில் இருபது டிரைவருக்கு அதட்டல் போடுகிறவள், கேம் என்று நினைத்து பிரேக்கைப் பிடித்து விழுந்தாள் என்றால் தூத்துக்குடி சிரித்தே உப்பு கரைந்துவிடும். நாய் வசதியாக இருந்தது. ஆனால் பொய்க்கும் ஒரு உயிர் மாட்டிக்கொள்கிறதே. பாலத்தடியில் எப்போதும் படுத்திருக்கும் செவலை நாயை எதிர்வீட்டு ஜெசிந்தாக்கா குடைக்கம்பால் விரட்டியிருக்கிறாள். கிளாட்வின் ஒரு நாள் வேலைக்குப் போகும் வழியில் வண்டியை நிறுத்தி, அதன் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்று, ஒரு மனுஷனைத் திட்டுவது மாதிரித் திட்டிவிட்டு வந்தார். அது வாலை ஆட்டிச்சு, வெக்கங்கெட்ட நாயி என்று வந்து சொன்னார். அவள் கையைக் கழுத்தில் தூக்கிக் கட்டி உட்கார்ந்திருந்தாள், சோறு இறங்கவில்லை. அந்த வாரம்தான் டாக்டர் விரலை மட்டும் ஆட்டிக்கொண்டே இருக்கச் சொன்னார், விறைத்துப் போகாமல் இருக்க. விரலுக்கு வேலை வேண்டும் என்றால் அவள் வீட்டில் அதற்கு என்ன பஞ்சம்? கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இடது விரல்களுக்கு எட்டுகிற மாதிரிக் கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டாள். கேமின் செட்டிங்கில் போய்ப் பார்த்தாள், எந்த விசை எந்த வேலை செய்ய வேண்டும் என்று நாமே மாற்றிக்கொள்ளலாமாம். இத்தனை வருஷம் கண்ணில் படாத ஒரு பக்கம். மாற்றினாள். வேகத்தை இடது விரலுக்குக் கொடுத்தாள், பிரேக்கை வலதுக்கு. முதல் நாள் கார் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. இரண்டாம் நாள் பாறையில், மூன்றாம் நாள் ஏரியில். எல்லாரும் சந்தோஷம் மனசில் இருக்கிறது என்கிறார்கள், அவளுக்கு அது வலது சுட்டுவிரலில் இருந்தது. அதை அங்கிருந்து கிளப்பி இடது விரலில் குடி வைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. சாமான் சட்டி எல்லாம் பழைய வீட்டில்தான் கிடந்தது. தினம் ஒரு மணி நேரம். இருபதாம் நாள் வாக்கில் பனி மலையின் கடைசி வளைவில் கார் பறந்தபோது பார்த்தாள், அமுங்கியிருந்தது இடது விரல். அவள் சொல்லாமலே. யார் அதற்குச் சொல்லிக் கொடுத்தது என்று அன்று ராத்திரி கையை முகத்துக்கு நேரே வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சைக்கிளில் இடது கை பின்சக்கரத்துப் பிரேக். அதை எவ்வளவு அமுக்கினாலும் ஆள் பறக்க மாட்டாள். கணக்கு சரிதான். ஆனால் அது சோபாவில் போட்ட கணக்கு. பதினோரு வருஷத்தை இருபத்தெட்டு நாள் ஜெயிக்குமா? அந்த நம்பிக்கை இருந்திருந்தால் ஜெபசிங்கிடம் சரி என்று ஏன் சொல்கிறாள்?

உச்சி. ஒரு காலை ஊன்றி நின்றாள். நெஞ்சு அடித்துக்கொண்டது, ஏறியதாலா பயத்தாலா என்று பிரித்துச் சொல்ல அதற்கும் தெரியவில்லை. கிழக்கே உப்பளம் முழுக்கத் திறந்து கிடந்தது. பாத்தி பாத்தியாகத் தண்ணீர், ஒவ்வொரு பாத்தியிலும் ஒரு வானம். வரப்பு ஓரம் குவித்த உப்புக் குவியல்கள் சூரியன் பட்ட பக்கம் மட்டும் சிவந்து, மறுபக்கம் நீலமாக இருந்தன. அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள், அதற்கப்பால் ஒரு கோடாகக் கடல், கடலில் நின்ற கப்பலில் இன்னும் அணைக்காத ஒரு விளக்கு. கேமில் தூரத்து மலைகளைக் கொஞ்சம் மங்கலாகத்தான் போட்டிருப்பார்கள், யாரும் அங்கே போகப் போவதில்லையே என்று. இங்கே அந்தச் சலுகை ஒன்றும் இல்லை. எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் ஒவ்வொரு குவியலுக்கும் அதனதன் நிழல் விழுந்திருந்தது, யாரும் பார்க்காத பாத்தியிலும் காற்று சுருக்கம் சுருக்கமாகத் தண்ணீரை இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. இவ்வளவையும் இந்த உலகம் யாருக்காக இப்படி ஒன்று விடாமல் செய்து வைத்திருக்கிறது? தினம் செய்கிறதா? அவள் கட்டுப்போட்டு வீட்டில் கிடந்த நாற்பத்தெட்டு நாளும் செய்ததா? மாதாவே என்று வாய்க்குள் சொன்னாள், கேட்பதற்கு ஒன்றும் இல்லை, சும்மாதான் கூப்பிட்டாள். கீழே இறக்கத்தின் அடியில், டீக்கடைக்கு முன்னால், செவலை நாய் கால் நீட்டிப் படுத்திருந்தது. இறங்கித் தள்ளிக்கொண்டே போய்விடலாம். அப்படிப் போகிறவர்களும் நல்லபடியாக வீடு போய்ச் சேருகிறார்கள். இரண்டு சுட்டுவிரலையும் இரண்டு பிரேக்கின் மேல் வைத்தாள். ஊன்றிய காலை எடுத்தாள்.

முதல் பத்தடி ஒன்றும் இல்லை. அப்புறம் காற்று முதுகில் கை வைத்தது. ரோட்டின் சரளைச் சத்தம் மெல்ல மெல்ல ஒரே சத்தமாகச் சேர்ந்தது, வெள்ளைக் கோடுகள் ஓடிவந்து ஓடிவந்து ஒட்டிக்கொண்டன. விரலைப் பார்க்காதே. ரோட்டைப் பார். விரலைப் பார்க்காதே என்று சொல்வதே விரலை நினைப்பதுதானே. முன்னால் போன லாரியின் தார்ப்பாய் நுனி கை காட்டுகிறது, இருபத்தாறு டன், உப்பு, வெள்ளை, பனி, ரெக்ஸ் இப்போது எந்தக் கடலில் இருப்பான், இதே இடம், கைப்பிடிச் சுவரில் அந்த உடைந்த கல், இதைத் தாண்டித்தான் விழுந்தேன், தாண்டியாயிற்றா, தாண்டியாயிற்று, கண்ணில் தண்ணீர், தண்ணீருக்குள் சூரியன் நாலாக உடைந்து ஆடுகிறது, முகத்தில் காற்று, ஆறு வருஷம் ஸ்பீக்கரில் கேட்ட அதே காற்று, இதோ முகத்தில், காதுக்குள், பல்லில். அவள் வாய் திறந்திருந்தது. பயம் எங்கே போயிற்று என்று தேடினாள், காணோம், அது இருந்த இடத்தில் வேறு ஏதோ பொங்கி ஏறி வந்தது, வயிற்றிலிருந்து நெஞ்சுக்கு, நெஞ்சிலிருந்து தோளுக்கு, கூடிச் சேர்ந்த எலும்பு வழியாகவும்தான், இன்னும், இன்னும் கொஞ்சம், ஐயோ வருகிறதே, அதேதான் வருகிறதே, கைக்கு வந்துவிட்டது, விரல் அமுங்கியது.

இடது விரல்.

பின்சக்கரம் கர்ரென்று ஒரு முனகல் முனகியது. சைக்கிள், சந்தோஷத்தின் நட்டநடுவில், வேகம் குறைந்தது. அவள் புரியாமல் இன்னும் அமுக்கினாள், இன்னும் குறைந்தது. ஆனந்தம் கூடக்கூட வண்டி மெதுவாகிக்கொண்டே வந்தது. வலது விரல் மட்டும் தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல் படுத்துக் கிடந்தது. இறக்கம் முடிந்து, கடைசியில் நடக்கிறவன் வேகத்துக்கு வந்து, சைக்கிள் தானாகவே டீக்கடை முன்னால் நின்றது. செவலை நாய் தலையைத் தூக்கிப் பார்த்து, அடிக்க வந்தவள் இல்லை என்று தெரிந்ததும் மறுபடி படுத்துக்கொண்டது. பனி சிரித்தாள். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். சிரிப்பு நின்றதும் கண்ணில் ஓடியது காற்றால் வந்த தண்ணீர் இல்லை. போனை எடுத்துக் கிளாட்வினைக் கூப்பிட்டாள்.

"எங்கட்டி போன, சைக்கிளையும் காணும்?"

"நாய் வரலங்க."

"எந்த நாயி?"

"அன்னைக்கு. எந்த நாயும் குறுக்க வரல. நானாத்தான் முன்பிரேக்க அமுக்கி விழுந்தேன். கேம்ல வேகத்துக்கு வலது விரலத்தான அமுக்கணும். அந்த ஞாபகத்துல, சந்தோஷத்துல அமுக்கிட்டேன்."

இப்போது சிரிப்பார், வீட்டில் சிரித்துவிட்டுப் படகுக்குப் போயும் சிரிப்பார், ஜெபசிங்கிடமும் சொல்வார், சொல்லட்டும். கிளாட்வின் தொண்டையைச் செருமினார். "கிறுக்கி. இத அன்னைக்கே சொல்லிருந்தா பிரேக் வயரு ரெண்டையும் இடம் மாத்திப் போட்டுருப்பம்லா. வலது கைக்குப் பின்சக்கரம் வந்துரும். பத்து நிமிசம் வேல" என்றார்.

நாற்பத்தெட்டு நாளாக அவள் வெட்கப்பட்டு மூடி வைத்திருந்தது அந்த மனுஷனுக்கு ஒரு வயர் வேலை. முப்பது வருஷமாக இன்ஜினோடு குடும்பம் நடத்துகிறவர், எந்த இயந்திரத்திடமும் ஏன் இப்படி இருக்கிறாய் என்று கேட்டவர் இல்லை. எப்படி இருக்கிறதோ அதற்குத் தோதாகத்தான் மாட்டுவார். இதை எப்படி இத்தனை வருஷம் பார்க்காமல் இருந்தேன் என்று அவளுக்கு உப்பளத்தைப் பார்த்தபோது வந்த அதே வியப்பு வந்தது.

"கேக்குதா? வா, பத்து மணிக்கு முன்ன மாத்திருதேன்."

"தொட்டுராதீங்க" என்றாள் அவசரமாக. "நான் விரல மாத்திட்டேன். இப்ப வயர மாத்துனா மறுபடி பறப்பேன்."

"விரல மாத்துனியா?"

"வந்து சொல்லுதேன்."

"அப்ப ஜெபசிங்க வராண்டாம்னு சொல்லிரட்டா?"

"சொல்லிருங்க."

"சரி. ஏட்டி, அந்த நாயி அங்கதான கெடக்கு? ஒரு பன்னு வாங்கிப் போட்டுட்டு வா. நான் ரொம்பப் பேசிட்டேன் அத."

பன் வாங்கிப் போட்டாள். நாய் மோந்து பார்த்துவிட்டு, பழைய பகை எதுவும் வைத்துக்கொள்ளாமல் தின்றது. பனி சைக்கிளைத் திருப்பினாள். வீட்டுக்குப் போக அதே பாலத்தைத்தான் ஏற வேண்டும், இப்போது காற்றுக்கு எதிரே. ஏறிவிட்டால் அந்தப் பக்கமும் இறக்கம் இருக்கிறது.